முழங்கால் வலிக்கார அம்மா, 6 வயது மகள்: மரநிழலில் நடந்து போகிற மாதிரி மதுரைப் பக்கம் ஒரு அருவி சொல்லுங்கள்

வில்லாபுரத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் ஒரு அருவிப் படம். அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, இதை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள்?” என்று கேட்டாள். சிரிப்பு வந்தது, பிறகு மனசு சங்கடப்பட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் என்றால் குடத்தோடு வரிசையில் நிற்கிற நேரம். யாரோ எங்கோ திறந்துவிட்டால் வரும். தண்ணீர் தானாக விழும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

ஆகவே அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிவிட்டு வர வேண்டும். நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 68 வயது, இடது முழங்காலில் தேய்மானம்; நின்று நின்று நடப்பார், ஆனால் நடப்பார். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ஒரு வாரம் பேச மாட்டார். கார் கிடையாது, பஸ்தான். குற்றாலம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். பாறை மேல் ஏறி இறங்குவது வேண்டாம். மரங்களுக்கு நடுவே அரை மணி, முக்கால் மணி நடந்தால் முடிவில் தண்ணீர். அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

செல்லூர் வாசி

குட்லாடம்பட்டி. மதுரையிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர். இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கேள்வி?

வாடிப்பட்டி வாத்தியார்

செல்லூர் நண்பர் கடைசியாக எப்போது போனார் என்று தெரியவில்லை. எங்கள் ஊர் அருவியை நானே குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுமலை அடிவாரம், தாடகை நாச்சியம்மன் கோயில், மரங்களுக்கு இடையில் பாதை என்று நீங்கள் கேட்டது எல்லாம் அங்கே இருந்ததுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது காட்டாற்று வெள்ளம் படிகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு மக்கள் போகத் தடை போட்டார்கள். சரிசெய்வது பற்றிய பேச்சு அவ்வப்போது அடிபடும். அதனால் வாடிப்பட்டியில் யாரையாவது விசாரிக்காமல் முழங்கால் வலிக்கார அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வந்துவிடாதீர்கள், சகோதரி.

இன்னொன்று. வழி திறந்திருந்தாலும் அது மழையை நம்பிய அருவி. சிறுமலையில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்தால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வரை விழும். அப்புறம் பாறைதான். நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: பாலமேடு பக்கம் உள்ள சாத்தையாறு அணைக்குத் தண்ணீர் வருகிறது என்று பேப்பரில் செய்தி வந்தால் இங்கேயும் விழும். இரண்டுக்கும் தாய் சிறுமலைதான்.

பழைய கண்டக்டர்

மகளே, வாத்தியார் சொன்னது நியாயம். நான் அரசு பஸ்ஸில் 31 வருடம் டிக்கெட் கிழித்தவன். அதில் பாதிக்கு மேல் மதுரை – கம்பம் ரூட். அருவிக்குப் போகிறவர்களை ஏற்றியும் இருக்கிறேன், அருவி பார்க்காமல் திரும்புகிறவர்களை ஏற்றியும் இருக்கிறேன். இரண்டாவது வகை சத்தமே போடாமல் வரும். மாற்றுத்துணிப் பை நனையாமல் மடியில் இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஓய்வு பெற்ற முதல் வருடம் நானே அந்த வகையில் சேர்ந்தேன். மாசி மாதம், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், இட்லிப் பொட்டலம், எண்ணெய்ப் பாட்டில், துண்டு எல்லாம் சகிதமாக ஓர் அருவிக்குப் போனோம். பெயர் வேண்டாம், பாவம் அருவி என்ன செய்யும். தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் நான்கு ஆடுகள் படுத்திருந்தன. சின்னவன், “தாத்தா, இன்றைக்கு அருவிக்கு லீவா?” என்றான். அன்று எடுத்த முடிவு: வீட்டில் குழந்தையும் பெரியவரும் இருந்தால் அருவியை நம்பிப் போகக்கூடாது. தண்ணீர் இல்லாவிட்டாலும் போனது வீண் இல்லை என்று சொல்லக்கூடிய பாதையைத்தான் முதலில் தேட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு முதலில் அழகர்மலை.

சிரிக்காதீர்கள். வில்லாபுரத்தில் இருக்கிறவர்களுக்கு அழகர்கோயில் என்றால் மொட்டை போட, காது குத்த, கிடா வெட்டப் போகிற இடம். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுவிட்டு அடிவாரத்திலேயே சாப்பிட்டுத் திரும்பிவிடுவீர்கள். மேலே போகிறவர்களும் வேனில் போய், பழமுதிர்சோலை முருகனைப் பார்த்து, நூபுர கங்கை என்கிற ராக்காயி அம்மன் தீர்த்தத்தில் தலை நனைத்து, அதே வேனில் இறங்குகிறவர்கள். நடந்து போகிறவர்கள் குறைவு. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை இருக்கிற சோலைமலை வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், தார் ரோடு, இரண்டு பக்கமும் காடு. பாறை கிடையாது, வழுக்கல் கிடையாது. களைத்தால் உட்காரலாம். ரொம்பக் களைத்தால் வேன் வரும், கை காட்டிப் பார்க்கலாம். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் போனால் ரோட்டோரம் சின்னச் சின்ன ஓடைகள் சலசலத்துக்கொண்டே கூட வரும்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வார்த்தை. ஏறுவது மூச்சுக்குப் பாடு, இறங்குவது முட்டிக்குப் பாடு. எல்லோரும் வேனில் ஏறி நடந்து இறங்குகிறார்கள், அது தலைகீழ். நீங்கள் நடந்து ஏறி வேனில் இறங்குங்கள். பஸ் படிக்கட்டில் ஏறி இறங்கிய முட்டி என்னுடையது, எனக்குத் தெரியும். (இரண்டே படிதான். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஏறினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.)

பஸ் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் இருக்கிறது. 21 கிலோமீட்டர்தான். புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று போகும். முதல் கும்பலோடு போங்கள், பத்து மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. கையில் தின்பண்டம் எதுவும் வெளியில் தெரியக்கூடாது. அங்கே உள்ள குரங்குகள் பையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இரண்டாவது இடம் சுருளி அருவி. அதை அம்மா அழகர்மலையில் எப்படி நடக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுவோம். காலையில் அரப்பாளையத்தில் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று கம்பம் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து சுருளி இன்னும் பத்து கிலோமீட்டர், டவுன் பஸ். சுருளிப்பட்டி வந்ததும் திராட்சைத் தோட்டங்கள். பன்னீர் திராட்சை, வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருக்கும். வனத்துறை வாசலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். குழந்தை நடையில் அரை மணிக்குக் குறையாது. நீங்கள் கேட்டது அச்சு அசலாக அதுதான். ஆனால் போக வர ஏழு மணி நேரம் பஸ். யானை இறங்கியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கு யாரிடமும் சண்டை போட முடியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று அங்கே தலை காட்டவே கூடாது. தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் குழந்தையின் கையை விட்டால் போயிற்று.

கடைசியாக உங்கள் மகளின் கேள்வி. அது அவ்வளவு தப்பான கேள்வி இல்லை. சுருளிக்குத் தண்ணீர் மேகமலைக் காட்டிலிருந்து வருகிறது. மேலே ஹைவேவிஸ் பக்கம் தூவானம் ஏரி, இரவங்கலாறு அணை எல்லாம் இருக்கின்றன. மழை இல்லாத நாளில் தூவானத்திலிருந்து திறந்துவிட்டால்தான் அருவியில் தண்ணீர் தெரியும் என்கிற காலமும் உண்டு. நிஜமாகவே யாரோ ஒருவர் மேலே திறந்துவிடுகிறார்.

தேனி மருமகள்

கும்பக்கரை அருவியை யாரும் சொல்லவில்லையே என்று எழுத வந்தேன், எழுத எழுத வேண்டாம் என்றே தோன்றுகிறது. எங்களுக்குப் பக்கம். பெரியகுளத்திலிருந்து 9 கிலோமீட்டர். நடை என்று சொல்லக் கொஞ்சம்தான். இடம் அழகு, சந்தேகமில்லை. ஆனால் அங்கே பாறைகளுக்கு வைத்திருக்கிற பெயர்களைக் கேளுங்கள்: வழுக்குப் பாறை, யானை கஜம், அண்டா கஜம், உரல் கஜம், பாம்பு கஜம். சும்மா வைத்த பெயர்கள் இல்லை. அண்டா மாதிரி, உரல் மாதிரி தண்ணீரே குடைந்த பள்ளங்கள். மேலே தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

என் மாமியாரோடு போன ஆண்டு போனேன். பெரியகுளத்தில் நல்ல வெயில். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்தது, சருகும் குச்சியுமாக மிதந்து வந்தது. காவலர் விசில் அடித்தார். “வெயில் அடிக்கிறது, இவர் ஏன் கத்துகிறார்” என்று இரண்டு பையன்கள் கேலி செய்தார்கள். நாங்கள் கரையேறித் துணியைப் பிழிவதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை காணவில்லை. மழை பெய்தது கொடைக்கானல் மலையில். வெள்ளம் வந்தது எங்கள் வெயிலுக்கு. அதற்குப் பிறகு எந்த அருவிக்குப் போனாலும் நான் வானத்தைப் பார்ப்பதில்லை, தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறேன். தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே.

அக்கா, முழங்கால் வலிக்கு அந்த ஈரப் பாறை ஆகாது. கண்டக்டர் ஐயா சொல்கிறதைக் கேளுங்கள்.

வில்லாபுரத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, குட்லாடம்பட்டி என்றுதான் என் கணவரும் கிளம்பத் தயாராக இருந்தார், காப்பாற்றினீர்கள்.

கண்டக்டர் ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. நூபுர கங்கை தீர்த்தம் அல்லவா? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வேனில்தான் போயிருக்கிறேன், கோயிலுக்குள் தண்ணீர் விழும், தலையை நீட்டிவிட்டு வந்த ஞாபகம். அதை அருவி என்று சொல்லி என் மகளை ஏமாற்ற முடியுமா என்று தெரியவில்லை.

பழைய கண்டக்டர்

அருவி இல்லை என்று யார் சொன்னது? ஐப்பசி வளர்பிறைத் துவாதசி அன்று அழகர் தைலக்காப்புக்காகப் பல்லக்கில் மலையேறி நூபுர கங்கைக்குப் போய்க் குளித்துவிட்டு இறங்குகிறார். அந்த விழாவுக்குத் தலையருவி உற்சவம் என்று பெயர். சித்திரையில் மதுரைக்கு வரும்போதும் ஊர்த்தண்ணீரில் குளிப்பதில்லை. அங்கிருந்துதான் தீர்த்தம் கூடவே வருகிறது. பெருமாளே அருவி என்று ஒப்புக்கொண்டு குளிக்கிறார், உங்களுக்கு என்ன சந்தேகம்?

விளையாட்டுக்குச் சொன்னேன். மலைக்குள்ளிருந்து வருகிற சுனைத் தண்ணீர் அது. கல்லுக்குள் புகுந்து வந்து விழும். பழைய பெயர் சிலம்பாறு. நூபுரம் என்றாலும் சிலம்புதான். உலகளந்தபோது தூக்கிய பாதத்தை பிரம்மா கழுவினார், சிலம்பில் பட்டுத் தெறித்த தண்ணீர் இது என்று கதை. படத்தில் உள்ள மாதிரி வெள்ளையாகப் பொங்கி விழாது, அது உண்மை. ஆனால் மற்ற அருவிகள் ஆடு படுக்கிற நிலைக்கு வந்த கோடையிலும் நான் அங்கே தலை நனைத்திருக்கிறேன். முதல் தடவை ஏமாறாமல் திரும்ப வேண்டும் என்றால் அங்கே போங்கள். துவாதசி எந்தத் தேதி என்று மட்டும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பல்லக்கு பார்க்க ஆசை இருந்தால் போகலாம், நடக்க ஆசை இருந்தால் மறுநாள்.

தோசை மறக்காதீர்கள். கோயில் தோசை, தோல் எடுக்காத உளுந்து, மிளகு, சுக்கு. இறங்கி வந்த பிறகு வாங்குங்கள், ஏறும் முன் வாங்காதீர்கள்.

வில்லாபுரத்துக்காரி

போய் வந்துவிட்டோம். எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

மூன்றுமாவடியில் பஸ் நிற்கும்போதே தூறல் ஆரம்பித்தது. என் கணவர் திரும்பிவிடலாமா என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பன்திருப்பதி தாண்டியதும் விட்டுவிட்டது. கருப்பருக்குச் சூடம் ஏற்றிவிட்டு ஏழே முக்காலுக்கு நடக்க ஆரம்பித்தோம்.

அம்மாவை நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். நான்கு இடத்தில் உட்கார்ந்தார், உண்மை. ஆனால் உட்கார்ந்த ஒவ்வொரு இடத்திலும் எழுந்திருக்க மனம் வராமல் உட்கார்ந்தது நான்தான். மழையில் நனைந்த காட்டுக்கு ஒரு வாசம் இருக்கிறதே, மண்ணும் இலையும் சேர்ந்து, அதை நான் கடைசியாக முகர்ந்தது கல்யாணத்துக்கு முன். ஐயா சொன்ன ஓடை சலசலப்பும் இருந்தது. மகள் குரங்குகளை எண்ணிக்கொண்டே வந்தாள். 41 வரை எண்ணினாள், அதற்குப் பிறகு வந்த தாய்க்குரங்கை ஒன்று என்று எண்ணுவதா, வயிற்றில் தொங்குகிற குட்டியோடு இரண்டு என்று எண்ணுவதா என்று அப்பாவோடு வழக்காடிக் கணக்கு விட்டுப்போனது.

சோலைமலையில் நாவல் மரத்தடியில் அம்மா ஔவையார் கதையைச் சொன்னார். சுட்ட பழம், சுடாத பழம் எல்லாம் முழு நடிப்போடு. “மண்ணை ஊதினால் சுட்ட பழமா? அப்படியென்றால் நான் கீழே விழுந்த பிஸ்கட்டை ஊதித் தின்றால் மட்டும் ஏன் அடிக்கிறீர்கள்?” என்று மகள் கேட்டாள். முருகனுக்கே பதில் தெரிந்திருக்காது.

பிறகு நூபுர கங்கை. கடைசிப் படிகளில் அம்மாவை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் தலையில் விழுந்ததும் மகள் ஒரு கூச்சல் போட்டாள், அவ்வளவு குளிர்ச்சி. நன்றாக ஆடினாள். வெளியே வந்து துவட்டும்போது நிதானமாகத் திரும்பிப் பார்த்து, “அம்மா, இது பெரிய குழாய்தானே?” என்றாள். பாட்டி அவள் வாயைப் பொத்தி, “ராக்காயி காதில் விழப்போகிறது, சும்மா இரு” என்றார்.

வேனில் இறங்கினோம். தோசையை இறங்கிய பிறகுதான் வாங்கினேன், ஐயா. இருந்தும் மஞ்சள் பையோடு ஒரு குரங்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மதில் மேல் உட்கார்ந்து மிளகை மட்டும் துப்பிவிட்டுத் தின்றது. மறுநாள் அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன், வழக்கத்தைவிட அதிகமாக வலி இல்லை என்கிறார். இன்னொரு தடவை போகிற ஆசையில் சொல்கிறாரோ என்னவோ.

குழாய் விவகாரம்தான் பாக்கி. சுருளிக்கு எப்போது போகலாம்?

தேனி மருமகள்

மார்கழி கடைசி வரை பொறுங்கள் அக்கா. மழை வேகம் அடங்கியிருக்கும், தண்ணீரும் இருக்கும். கிளம்பும் முந்தின நாள் இங்கே எழுதுங்கள், குளிக்கத் தடை ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். வழியில் எங்கள் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வாடிப்பட்டி வாத்தியார்

பிஸ்கட் கேள்வியை நாளைக்கு ஐந்தாம் வகுப்பில் கேட்கப் போகிறேன்.

பழைய கண்டக்டர்

பொங்கல் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு சரியாக இருக்கும். முதல் பஸ், டிரைவருக்கு இடப்பக்கம் ஜன்னல் பிடியுங்கள். காலை வெயில் அடிக்கும், முந்தானையைப் போட்டுக்கொள்ளுங்கள், வலப்பக்கம் மாறிவிடாதீர்கள். தேனி தாண்டிச் சின்னமனூர் வரும்போது இடது கைப் பக்கம் மேகம் உட்கார்ந்த மாதிரி ஒரு மலை தெரியும். மகள் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிக் காட்டுங்கள். அங்கே மேலேதான் தூவானம் இருக்கிறது, திறந்துவிடுகிறவர் அங்கேதான் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.